பாரதியின் காது

பாரதியார் பாட்டு எழுதியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் பாட்டுக் கேட்டவர் என்பதைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. கேட்டதோடு நிற்காமல் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பட்டவர்த்தனமாக எழுதியும் வைத்தார் மனிதர்.

அவர் 1882-ல் பிறந்த எட்டயபுரம், அன்றைய திருநெல்வேலிச் சீமையில் ஒரு ஜமீன். ஊர் சின்னதுதான், இசையில் பெரிது. முத்துசாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தது அங்கேதான். தம்பி பாலுசாமி தீட்சிதர் அங்கே சமஸ்தான வித்வான். வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அதே குடும்பத்துச் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சானது. ஆக, வித்வான்களைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை பாரதி.

சரி, அவருடைய அபிப்பிராயம் என்ன? 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில் வெளுத்து வாங்குகிறார். எங்கே போனாலும் கச்சேரி 'வாதாபி கணபதிம்' என்றுதான் தொடங்குகிறது, அப்புறமும் கேட்டுக் கேட்டுப் புளித்த அதே கீர்த்தனைகள் என்று அலுத்துக்கொள்கிறார். அந்த வாதாபி யார் செய்தது? அவர் ஊரிலேயே சமாதி கொண்டிருக்கும் தீட்சிதர்! ஆனால் தீட்சிதரை அவர் மட்டம் தட்டவில்லை. அந்தக் கீர்த்தனைகளின் கம்பீரத்துக்குக் கங்கையையே உவமை சொல்கிறார். வருத்தம் வேறு இடத்தில். பாடுகிறவருக்கும் அர்த்தம் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது. பிறகு பாட்டில் அழுகை எது, கோபம் எது, சந்தோஷம் எது என்று எப்படித் தெரியும்? தமிழில் புதுப் பாட்டுகள் வேண்டும் என்று கேட்டார்.

ஆர்மோனியமும் அவருக்கு ஆகாது. (இதில் அவருக்குக் கூட்டாளிகள் உண்டு. 1940-ல் அகில இந்திய வானொலியே அதைத் தடை செய்தது.) அந்தக் காலத்து நாடகக் கொட்டகைகளை நினைத்தால் கொஞ்சம் கடுமையான தீர்ப்புதான்.

அப்படியானால் பிடித்தது எது? அதற்குக் கட்டுரையை விட்டுவிட்டு 'குயில் பாட்டு'க்குப் போக வேண்டும். அதில் குயில், தான் நெஞ்சைப் பறிகொடுத்த ஓசைகளை எல்லாம் சொல்கிறது. ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குரல், சுண்ணாம்பு இடிப்பவர்களின் மெட்டு, பண்ணைப் பெண்களின் பாட்டு, கும்மி... குழலும் வீணையும் இவற்றோடு அதே வரிசையில்தான் வருகின்றன. தனி மேடை கிடையாது. எழுதியது புதுச்சேரியில் என்றாலும், அவர் படித்தது நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில். மனைவி செல்லம்மாளின் ஊர் கடையம். தாமிரபரணி பாயும் நெல் வயல்களில் இந்தப் பாட்டுகள் புதிதல்ல.

சொன்னதைச் செய்தும் காட்டினார். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, தெருவில் பாடித் திரிந்த கிளிக்கண்ணி, நொண்டிச்சிந்து எல்லாம் அவர் கையில் அரசியல் பாட்டாகவும் காதல் பாட்டாகவும் மாறின.

1921-ல் அவர் இறந்துபோனார். இசைத்தட்டுக்கும் சினிமாவுக்குமான உரிமை கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947-ல் 'நாம் இருவர்' படத்துக்காக டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. 1949-ல் அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கியது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்றானது, பாடுகிறார்கள். ஆனால் சபாக் கச்சேரிகளில் பாரதி பாட்டு வருவது பெரும்பாலும் கடைசியில், துக்கடா நேரத்தில். தொடக்கத்தில் இன்றும் பல மேடைகளில் 'வாதாபி கணபதிம்'தான்.