சேர்ந்து பாட வைத்த எம்.பி.எஸ்.

டிசம்பர் மாதச் சாயங்காலத்தில் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் பக்கம் நடந்து போயிருக்கிறீர்களா? உள்ளே பாடகர் குழு ஒத்திகை நடக்கும். பெண்கள் ஒரு மெட்டில் போக, ஆண்கள் கீழே வேறொரு மெட்டில் போவார்கள். ஆனாலும் ஒன்றுக்கொன்று இடிக்காது. 1826-இல் எழுந்த ஆலயம் அது. பல குரல் பாட்டு நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பாரதியார் பாட்டை அந்த முறையில் ஊர் ஊராகப் பாட வைத்தவர் ஒரு சினிமா இசையமைப்பாளர், எம்.பி.சீனிவாசன்.

1925-இல் சித்தூரில் பிறந்தவர். பொதுவுடைமை இயக்கத்துக்காரர். 1960-இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தில் ஜெயகாந்தன் எழுதி, பி.பி.ஸ்ரீனிவாஸும் எஸ்.ஜானகியும் பாடிய பாட்டு இவர் மெட்டுதான். ரேடியோவில் அது வந்தால் என் வீட்டில் அடுப்பு வேலை நின்றுவிடும்.

அப்படிப்பட்டவருக்குத் தமிழில் ஏன் அதிகம் படமில்லை? ஸ்டுடியோவில் வயலினும் தபலாவும் வாசித்தவர்களுக்கு அன்று கூலி ஒழுங்காகக் கிடைக்காது. எம்.பி.எஸ். அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். கூலி கேட்கச் சொல்லிக்கொடுப்பவரை முதலாளிகளுக்குப் பிடிக்குமா? வாய்ப்பு குறைந்ததற்கு அதுவும் காரணம் என்பார்கள். மலையாளம் அவரை அணைத்துக்கொண்டது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' இரண்டுக்கும் அவர்தான் இசை. (ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை'யில் பேராசிரியராக வருபவரும் இவரே. தேடிப் பாருங்கள்.)

1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவர்களை வைத்துக்கொண்டு, இந்திய மொழிகள் பலவற்றில் பாட வைத்தார். எளிதான வேலையில்லை. நம் சங்கீதத்தில் எத்தனை பேர் பாடினாலும் ஒரே வரிசைதான். மேலே இன்னொரு குரலை ஏற்றினால் ராகம் கலைந்துபோகும் என்ற பயம் வித்வான்களுக்கு உண்டு. அவர் ராகத்தையும் நாட்டுப்புற மெட்டையும் விடாமலே குரல்களைப் பிரித்து அடுக்கினார். கேரளத்தில் ஓ.என்.வி. குறுப்பின் கவிதைகளையும் இப்படிப் பாட வைத்தார்.

1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் காலமானார். சேர்ந்திசை வேலையாகத்தான் அங்கே போயிருந்தார்.

நம் குடியிருப்பில் கொடியேற்றும்போது என்ன நடக்கிறது? ஸ்பீக்கர் பாடுகிறது, நாம் வாயை மூடி நிற்கிறோம். பாரதி படித்த ஊரில்! வரும் ஆகஸ்ட் 15-க்கு ஒரு பாரதி பாட்டையாவது நாமே இரண்டு குரலில் பாடலாம். ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் ஆர்மோனியத்தோடு இருப்பேன். சுருதி சேராதவர்களும் வரலாம். எனக்கே சில நாள் சேராது.