பழவேற்காட்டுக் குழந்தைகளின் மேற்கை முறிவும் நோய்க் குறியீடும்

குழந்தையின் எலும்பில் பெரியவர்களின் எலும்பைவிட நுண்துளைகள் மிகுதி. அதைப் போர்த்தியிருக்கும் எலும்புறையும் தடிமனானது. கையை ஊன்றி விழும்போது எலும்பின் நீளவாக்கில் அழுத்தம் ஏறினால், அது இரண்டாக முறியாமல் ஓரிடத்தில் நசுங்கிப் புடைத்துக்கொள்கிறது. இதுவே பக்கிள் முறிவு. டோரஸ் முறிவு என்றும் சொல்வதுண்டு. மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பில்தான் இது அதிகம். மேற்கை எலும்பில் பெரும்பாலும் தோளுக்குச் சற்றுக் கீழேயும், சில வேளை முழங்கைக்கு மேலேயும் காணப்படும். மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோள்பக்க வளர்தட்டிலிருந்தே வருவதால், அங்கே ஏற்படும் சிறு கோணல் குழந்தை வளர வளரத் தானே நிமிர்ந்துவிடும். மூன்று நான்கு வாரம் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தால் போதும்.

இவ்வளவு எளிதாக ஆறும் காயத்துக்கு விரிவான ஆவணம் எதற்கு என்ற கேள்வி எழலாம். பக்கிள் முறிவுக்கு ஆபத்தான அண்டை வீட்டார் உண்டு என்பதே விடை. முழங்கைக்கு மேலே எலும்பு விலகி முறிந்தால் நாடியும் நரம்பும் நசுங்கக்கூடும். அதற்கு உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். குழந்தைகளிடம் காணப்படும் எளிய எலும்பு நீர்க்கட்டி தோள்பக்க மேற்கை எலும்பில்தான் அதிகம் வருகிறது. சிறு இடறலில் எலும்பு முறிந்த பிறகே அது வெளிப்படுவதும் உண்டு. நடக்கப் பழகாத கைக்குழந்தைக்கு மேற்கை முறிந்திருந்தால், யாரேனும் அடித்திருப்பார்களோ என்று விசாரிப்பது மருத்துவரின் கடமை. மருத்துவச் சீட்டில் ‘மேற்கை முறிவு’ என்று மட்டும் எழுதினால் பக்கிள் முறிவும் இந்த மூன்றும் ஒன்றாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 நோய் வகைப்பாட்டில் மேற்கை எலும்பின் மேல்முனை முறிவு எஸ் 42.2, நடுத்தண்டு எஸ் 42.3, கீழ்முனை எஸ் 42.4. பக்கிள் முறிவுக்குத் தனி எண் இல்லை. எனவே முழங்கைப் பக்கம் வெறும் புடைப்போடு நின்ற முறிவும், நாடி நின்றுபோன முறிவும் எஸ் 42.4 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் வழக்கிலுள்ள ஐ.சி.டி-10-சி.எம். இதைப் பிரித்துக் காட்டுகிறது: வலக்கை மேல்முனை டோரஸ் முறிவு எஸ் 42.271, இடக்கை எஸ் 42.272, கீழ்முனைக்கு எஸ் 42.48 வரிசை. ஏழாம் இடத்தில் வரும் எழுத்து, நடப்பது முதல் சிகிச்சையா (ஏ) தேறிவரும்போது செய்யும் மறுபார்வையா (டி) என்பதைச் சொல்லும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11 எந்தப் பக்கம், திறந்த முறிவா மூடிய முறிவா என்பவற்றைத் துணைக் குறியீடுகளாகச் சேர்க்க இடம் தருகிறது.

சென்னையில் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் அமெரிக்க மருத்துவக் கோப்புகளுக்கு இந்த எண்களை இடுவதைத் தொழிலாகக் கொண்டிருக்கிறார்கள். ஓஹையோவில் ஊஞ்சலிலிருந்து விழுந்த சிறுமியின் கைக்கு ஏழாம் எழுத்து வரை சரிபார்த்து எழுதும் நகரத்துக்கு வடக்கே, அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது ஏரிக்கரை மீனவ ஊரான பழவேற்காடு. இங்கே குழந்தைக்கு மிஞ்சுவது தாய் மடித்து வைத்திருக்கும் ஓ.பி. (புறநோயாளி) சீட்டு, அதில் முறிவைக் குறிக்கும் ‘#’ குறி, ‘ஹியூமரஸ்’ (மேற்கை எலும்பு) என்ற ஒரு சொல், மாத்திரையின் பெயர். இதற்கு மருத்துவரைக் குறைசொல்வது நியாயமாகாது. அமெரிக்காவில் குறியீடு இல்லாமல் காப்பீட்டுப் பணம் வராது. அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் பில்லே கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. குறியீட்டைக் கேட்பவர் இல்லாததால் எழுதுபவரும் இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி மருத்துவர் சான்றளிக்கும் இறப்புக் காரணத்துக்கு ஐ.சி.டி. எண் உண்டு, பிழைத்து வீடு திரும்பிய குழந்தையின் முறிவுக்குப் பொதுவாக இல்லை.

ஏரிக்கரையில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. கூனங்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ விழுந்த குழந்தை பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம், பொன்னேரி அரசு மருத்துவமனை, தேவைப்பட்டால் சென்னை என்று பல இடம் போகவேண்டியிருக்கும். ஒவ்வோரிடத்திலும் புதிய மருத்துவருக்குத் துணை அந்தச் சீட்டு ஒன்றுதான். வடதமிழகத்தில் பரவலாக நம்பப்படும் நாட்டு எலும்பு வைத்தியமான புத்தூர் கட்டுக்குப் போகும் குழந்தைக்கோ எந்த ஆவணமும் இராது. பக்கிள் முறிவு எப்படியும் ஆறிவிடும் என்பதால் கட்டின் பெயர் வளரும். இறுக்கிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கை சூம்பிப்போனால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

விழுந்த விதத்துக்கும் ஐ.சி.டி-10-இல் குறியீடு உண்டு. மீனவக் கிராமத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி அதுவே. ஏரியில் ஓடிக்கொண்டிருக்கும் மீன்பிடிப் படகினுள் தவறி விழுந்தால் வி 93.2. அதே படகைக் கரையேற்றி வைத்திருக்கையில், அதன்மேல் ஏறி விளையாடி மணலில் விழுந்தால் அது போக்குவரத்து விபத்தாகாது. டபிள்யூ 17-இல் சேரும், நான்காம் இலக்கமான 8 ஏரி, கடற்கரை போன்ற இடத்தைக் குறிக்கும். மரத்திலிருந்து விழுந்தால் டபிள்யூ 14. ‘கீழே விழுந்தது’ என்று மட்டும் எழுதினால் எல்லாம் டபிள்யூ 19 ஆகி, படகா படித்துறையா பள்ளிக்கூடமா என்பது மறைந்துபோகும். எந்த இடத்தைச் சீர்செய்வது என்று ஊராட்சி கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இராது.

குறியீட்டாளர் எழுதப்படாததை ஊகிக்கக் கூடாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. ஆகவே திருத்தம் தொடங்க வேண்டிய இடம் மருத்துவரின் பேனாதான். எந்தக் கை, எலும்பின் எந்த முனை, ‘பக்கிள்’ என்ற சொல், எலும்பு விலகவில்லை என்ற குறிப்பு, மணிக்கட்டு நாடியும் விரல் அசைவும், எங்கே எப்படி விழுந்தது, மறுபடி வரவேண்டிய நாள்: இவை தமிழிலோ ஆங்கிலத்திலோ சீட்டில் இருந்தால் குறியீட்டை எவரும் எப்போதும் இட்டுக்கொள்ளலாம். இதற்கு மூன்று வரி போதும். புதிய கணினியோ தனிப் பணியாளரோ தேவையில்லை.