சூரிய மின்கலச் சோதனையும் இணைப்பும்

தனித்தனிச் சிலிக்கான் செல்களை வெயிலில் அளந்து, தரம் பிரித்து, ஒத்த செல்களை மட்டும் ஒரே சரமாகக் கோப்பது சூரிய மின்கலச் சோதனையும் இணைப்பும் ஆகும். பள்ளி, பாலிடெக்னிக் மாணவர்களின் செயல்திட்டங்களில் இணைப்புக்குத் தரும் கவனத்தைச் சோதனைக்கும் தரவேண்டும். ஈயம் வைத்து ஒட்டிய பிறகு கெட்ட செல்லைக் கழற்றினால், பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லும் உடையும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேரில் சாபின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகிய மூவரும் 1954-இல் அறிமுகப்படுத்திய சிலிக்கான் செல், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக்கியது. இன்று சந்தையில் உள்ள நல்ல செல்கள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. மின்னழுத்தத்தில் மட்டும் அவ்வளவு மாற்றமில்லை. நகமளவு துண்டானாலும், 156 மில்லிமீட்டர் சதுரமான முழுச் செல்லானாலும், சுமை இல்லாதபோது வெயிலில் சுமார் 0.6 வோல்ட்தான்.

தொடக்கநிலை மாணவரை ஏமாற்றுவது இந்த மின்னழுத்தமே. ஒளி பாதியாகக் குறைந்தால் மின்னோட்டமும் பாதியாகும். மின்னழுத்தமோ 20 மில்லிவோல்ட் அளவுக்குத்தான் இறங்கும். அதனால் வகுப்பறைச் சன்னலோரத்தில் வைத்த செல்கூட மல்டிமீட்டரில் 0.4 வோல்ட்டுக்கு மேல் காட்டலாம். அதை நம்பிச் சிறு மோட்டாரை இணைத்தால் அது அசையாது. செல்லின் உண்மையான திறனை மின்னோட்டமே சொல்லும். முழு வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 40 மில்லிஆம்பியர் கிடைக்கவேண்டும். 10 சதுர சென்டிமீட்டர் துண்டு என்றால் 0.3 ஆம்பியருக்குக் குறையக்கூடாது.

அளப்பதற்கு ஓர் எளிய ஏற்பாடு போதும். தடித்த அட்டையில் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன்மேல் செல்லை நீல முகம் மேலே தெரியும்படி வைக்கவேண்டும். சிவப்பு முனை தாளிலும் கறுப்பு முனை செல்லின் மேலுள்ள வெள்ளிப் பட்டையிலும் படவேண்டும். முனையை அழுத்தக்கூடாது, செல்லின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்குள்தான், அப்பளம்போல் நொறுங்கும். வழக்கமான பி வகைச் செல்லில் மேல்முகம் எதிர்முனை, அடிப்பக்கம் நேர்முனை. புதிய என் வகைச் செல்களில் இது தலைகீழாக இருக்கலாம் என்பதால் மீட்டரில் வரும் குறியைப் பார்த்தே முடிவுசெய்யவேண்டும்.

மின்னோட்டத்தை அளக்கச் சிவப்பு வயரை மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, முன்போலவே இரு முனைகளையும் தொடவேண்டும். பேட்டரியை இப்படித் தொட்டால் ஃபியூஸ் போகும். சூரிய செல்லுக்கு ஆபத்தில்லை. ஒளி தரும் அளவுக்குமேல் அதில் மின்னோட்டம் வராது. எல்லாச் செல்களையும் ஒரே நேரத்தில், ஒரே சாய்வில் அளந்து, அளவைச் செல்லின் அடிப்பக்கத்தில் ஓர் ஓரமாகப் பேனாவால் எழுதிவிடுவது நல்லது. இடையில் மேகம் மறைத்தால் முதலிலிருந்து அளக்கவேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் தொடரிணைப்பின் இயல்பு. சரத்தில் மிக நலிந்த செல் எவ்வளவு மின்னோட்டம் விடுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவுதான் மொத்தச் சரத்துக்கும். பதினொரு செல்கள் 0.35 ஆம்பியர் தந்தாலும் பன்னிரண்டாவது 0.2 தந்தால் கிடைப்பது 0.2-ஐ ஒட்டித்தான். ஒரு செல்லின்மேல் இலை நிழல் விழுந்தாலும் இதே கதி. மற்றவற்றின் ஆற்றல் நிழல்பட்ட செல்லில் வெப்பமாக இறங்கும்.

சுமை இருக்கும்போது செல்லுக்கு 0.5 வோல்ட் என்று கணக்கிடவேண்டும். 5 வோல்ட் சாதனத்துக்குப் பத்துச் செல் போதும் என்று தோன்றும், போதாது. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒவ்வொரு செல்லும் சுமார் 2 மில்லிவோல்ட் இழக்கும். 25 டிகிரியில் 6 வோல்ட் தரும் பன்னிரண்டு செல் சரம் 60 டிகிரிக்குச் சூடானால் 5.2 வோல்ட்டுக்கு வந்துவிடும். இரவில் பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பாமல் தடுக்கும் டையோடு இன்னும் 0.3 வோல்ட்டாவது எடுத்துக்கொள்ளும். பதினான்கு செல்களும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு பலகையும் வைப்பதே சரி.

இணைக்க வெள்ளீயம் பூசிய செம்பு ரிப்பனும் ஃப்ளக்ஸும் வேண்டும். ஒரு செல்லின் மேல்முகப் பட்டையில் ஒட்டிய ரிப்பன், அடுத்த செல்லின் அடிப்பக்கத்துக்குப் பாய் முடைவதுபோல் இறங்கிச் செல்லும். செல்களுக்கிடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். ஆறும்போது செம்பு சிலிக்கானைவிட அதிகம் சுருங்கும், நெருக்கமாக வைத்தால் ஓரத்தில் விரிசல் விழும்.

முடிந்த சரத்தை வெயிலில் வைத்து அளந்தால் பிழை தானே தெரியும். பன்னிரண்டு செல்லுக்குச் சுமையின்றி 7.2 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். 6 வோல்ட் காட்டினால் ஒரு செல் தலைகீழாக இணைந்திருக்கலாம். தன் பங்கையும் இழந்து இன்னொன்றின் பங்கையும் அது கழித்துவிடுகிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ ஓர் ஈயப்பற்று விட்டிருக்கிறது. ஒவ்வொரு செல்லாக முனைவைத்துத் தேடவேண்டும்.