ஊர்ப் பெயர் போதும்

2017இல் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில் தேவிபட்டினத்திலிருந்து போன். "அண்ணே, ஆப் உள்ளயே விடமாட்டேங்குது. நண்டு வந்து குமியுது. நான் எதுல எழுதுறது?"

கடற்கரைக் கொட்டகையில் நண்டை எடை போட்டுக் கணக்கு எழுதுகிற தம்பி அவன். நண்டு கம்பெனி ஒன்றுக்காக அந்தக் கொள்முதல் கணக்கு ஆப்பை எழுதிக் கொடுத்தவன் நான். சிட்டையில் எழுதி வை என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவன் மட்டுமில்லை, அந்தப் பக்கத்துக் கொட்டகைகள் எல்லாமே பூட்டிக் கிடந்தன.

காரணம் கண்டுபிடிக்க மத்தியானம் ஆயிற்று. தப்பான பாஸ்வேர்டு ஐந்து முறை வந்தால் அந்த ஐபி முகவரியைப் பூட்டிவிடு என்று எழுதியிருந்தேன். முகவரியைப் பதிந்துவைக்க டேபிளில் 15 எழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். பழைய முகவரி, அதாவது ஐபி நான்காம் பதிப்பு, நான்கு எண்களும் நடுவில் மூன்று புள்ளிகளும். எவ்வளவு நீண்டாலும் 15 எழுத்தைத் தாண்டாது. ஆனால் கொட்டகையில் இருந்தவை ஜியோ போன்கள். அவற்றின் முகவரி 2409 என்று தொடங்கும் ஆறாம் பதிப்பு. எட்டுக் கட்டுகளாக 39 எழுத்து வரை ஓடும். என் டேபிள் முதல் மூன்று கட்டுகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிப் போட்டுவிட்டது. அந்த முதல் மூன்று கட்டுகள் சுற்றுவட்டாரப் போன்களுக்கெல்லாம் ஒன்றாக இருந்தன. யாரோ ஒருவர் ஐந்து முறை தப்பாக அடித்ததற்கு ஊரே வெளியே நின்றது.

15 என்ற எண்ணை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. படித்த காலத்திலிருந்து கையோடு வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது, அதை விட்டு வெளியே வர யார் யார் வழி செய்தார்கள் என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். படிக்கும்போதெல்லாம் என் பெரியப்பாவின் ரயில் டிக்கெட்தான் நினைவுக்கு வந்தது.

பெரியப்பா 1950களில் கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர். ராமநாதபுரத்தில் போட் மெயில் ஏறுவார். தனுஷ்கோடி வரை மீட்டர் கேஜ் ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடல். தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில், இந்த முறை பிராட் கேஜ். தண்டவாளத்தின் அகலம் வேறு, நடுவில் தண்டவாளமே கிடையாது. ஆனால் டிக்கெட் ஒன்றுதான். "எந்த ஊரு, எந்த வகுப்புன்னு கேப்பான். எப்படிப் போறதுங்கிறது அவன் பாடு" என்பார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு அந்தப் பாதையையும் கொண்டுபோயிற்று.

கம்ப்யூட்டர் உலகத்துக்கு அப்படி ஒரு டிக்கெட் உடனே கிடைத்துவிடவில்லை. 1981 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 791 என்ற இன்டர்நெட் விதி ஆவணம் ஐபி நான்காம் பதிப்பை விதியாக்கியது. முகவரிக்கு 32 பிட், மொத்தம் 429 கோடிச் சொச்சம். 1983இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் 4.2, சாக்கெட் என்ற ஏற்பாட்டைத் தந்தது. இன்றுவரை நெட்வொர்க் நிரல்கள் நிற்பது அதன் மேல்தான். அதை வடித்தவர்களை நான் மதிக்கிறேன். எந்த வகை முகவரி வந்தாலும் ஏற்கும்படி பொதுவாகத்தான் வடித்தார்கள். ஆனால் பெயரைக் கொடுத்து எண்ணை வாங்க கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற ஃபங்ஷன்தான் இருந்தது. அதை அழைத்து, வருகிற நான்கு பைட்டை எடுத்து, நான்கு பைட் அளவே உள்ள இடத்தில் வைப்பது எல்லாருக்கும் பழகிப்போனது. பாடப்புத்தகம் அப்படி, மாதிரி நிரல் அப்படி, அதைப் பார்த்து எழுதிய நாங்களும் அப்படி.

மாற்றத்தின் விதை ஒரு சின்ன கவனிப்பு. மார்ஷல் ரோஸ் என்பவர் எக்ஸ்/ஓப்பன் என்ற தர அமைப்புக்கு ஒரு முன்மொழிவு எழுதினார். ஒரு நிரல் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேச, அதன் பெயரும் வேண்டிய சேவையின் பெயரும் போதும், நெறிமுறையின் உள்விவரம் தேவையில்லை என்றார். ஊரும் வகுப்பும், பெரியப்பா சொன்ன அதே இரண்டு. பெர்க்லியின் கீத் ஸ்க்லோவர் அதைப் பிடித்துக்கொண்டு கெட்அட்ரின்ஃபோ என்ற ஃபங்ஷனுக்கு வரைவு எழுதினார். முதல் மாதிரியைச் செய்து பார்த்தவர் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் நிரலை எழுதிய அதே ஆல்மன்.

இவர்கள் ஆறாம் பதிப்பை மட்டும் மனதில் வைத்து இதைத் தொடங்கவில்லை. ஓஎஸ்ஐ என்ற வேறொரு நெறிமுறைக் குடும்பம் வந்து டிசிபி/ஐபியின் இடத்தைப் பிடிக்கும் என்று அரசுகளே நம்பிய காலம் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். ரோஸ், ஸ்க்லோவர் இருவரும் அந்த ஓஎஸ்ஐயில் வேலை செய்தவர்கள். ஓஎஸ்ஐ வரவில்லை. எது வந்தாலும் தாங்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அந்த ஃபங்ஷனில் தங்கிவிட்டது.

கெட்அட்ரின்ஃபோ செய்வது இவ்வளவுதான்: பெயரையும் சேவையையும் வாங்கிக்கொண்டு ஒரு பட்டியலைத் திருப்பித் தரும். ஒவ்வொரு வரியிலும் முகவரி, அதன் குடும்பம், அதன் நீளம். நிரல் முதல் வரியை எடுத்துத் தொடர்பு கொள்ளப் பார்க்கும், முடியாவிட்டால் அடுத்தது. நடுவில் எங்கேயும் நான்கா ஆறா என்று கேட்பதில்லை. 1997 ஏப்ரலில் கில்லிகன், சூசன் தாம்சன், ஜிம் பவுண்ட், ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் நால்வரும் எழுதிய ஆர்எஃப்சி 2133 இதை ஆறாம் பதிப்பின் வழியாக எல்லார் கைக்கும் கொண்டுவந்தது. 1999இல் வந்த திருத்தத்தில் எந்தக் குடும்பத்து முகவரியும் கொள்ளும் பெரிய பாத்திரம் ஒன்றும் சேர்ந்தது. என் 15 எழுத்துக் கட்டத்துக்கு மாற்று அப்போதே இருந்திருக்கிறது.

நிரல்களில் மட்டுமில்லை, விதிகளிலேயே நான்காம் பதிப்பின் எண் புதைந்திருந்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. கோப்பு அனுப்பும் எஃப்டிபியின் 1985ஆம் வருட விதியில் போர்ட் என்ற கட்டளை உண்டு. முகவரியின் நான்கு எண்களையும் வாசல் (போர்ட்) எண்ணின் இரண்டு பகுதிகளையும் கமா போட்டு எழுத வேண்டும். ஆறு எண்களுக்குத்தான் இடம். நிரலை எவ்வளவு நன்றாக எழுதினாலும் இங்கே பயனில்லை, விதியே நான்காம் பதிப்பைத் தவிர வேறு பேசாது. 1998இல் ஆர்எஃப்சி 2428 இரண்டு புதுக் கட்டளைகளைத் தந்தது. ஒன்றில் முகவரிக்கு முன்னால் அது எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். இன்னொன்றில் செர்வர் முகவரியே சொல்வதில்லை, வாசல் எண் மட்டும்தான். எந்த முகவரிக்கு வந்து பேசுகிறாயோ அங்கேயே வா என்று அர்த்தம். இரண்டாவதைப் படித்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டதாலேயே தீர்ந்த சிக்கல் அது.

இப்படி வேறெங்கெல்லாம் எண் புதைந்திருக்கிறது என்று பார்க்க, பிலிப் நெஸ்ஸர், ஆண்ட்ரியாஸ் பெர்க்ஸ்ட்ரோம் முதலானோர், இன்டர்நெட் விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் தர விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். 2004 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 3789 முதல் 3796 வரை அந்த வேலையின் பதிவு. சுவையே இல்லாத வேலை. ஆனால் அதைச் செய்தவர்கள்மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

நிரல் பக்கத்தில் அதே வேலையைச் செய்தவர் ஜப்பானின் ஹகினோ ஜுனிசிரோ. உலகம் இதோஜுன் என்று அழைத்தது. 1998இல் தொடங்கிய காமே திட்டத்தில் இருந்துகொண்டு, பெர்க்லி யூனிக்ஸின் வழிவந்த பிஎஸ்டி இயங்குதளங்களுக்கு ஆறாம் பதிப்பை மற்றவர்களோடு எழுதிச் சேர்த்தார். முகவரிக் குடும்பம் பாராமல் எழுது என்பதை அவர் விடாமல் சொல்லிவந்தார். அதற்கென்று 2004இல் புத்தகமும் வந்தது. 2007இல், 37 வயதில் இறந்துபோனார்.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் 2008இல் திருத்தப்பட்டபோது அதிலிருந்து கெட்ஹோஸ்ட்பைநேம் நீக்கப்பட்டது. 2011 பிப்ரவரியில் உலகக் கையிருப்பில் இருந்த நான்காம் பதிப்பு முகவரிகள் பிராந்தியங்களுக்குக் கொடுத்துத் தீர்ந்தன. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010இலேயே ஆறாம் பதிப்புக்கு மாறும் வழிவரைபடத்தை வெளியிட்டிருந்தது. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. 2016இல்தான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. ஜூன் முதல் ஆறாம் பதிப்பு மட்டும் உள்ள நெட்வொர்க்கில் ஓடாத ஆப்பை ஏற்கமாட்டோம் என்றது ஆப்பிள். செப்டம்பரில் ஜியோ வந்தது. நவம்பரில், புதிய நெறிமுறைகளுக்கு நான்காம் பதிப்போடு ஒத்துப்போகும் கட்டாயம் இனி இருக்காது என எதிர்பார்ப்பதாக இன்டர்நெட் கட்டமைப்பு வாரியம் அறிவித்தது. தேவிபட்டினம் நவபாஷாணக் கரையில் நின்று படம் பிடித்து அனுப்புகிறவரின் போனும், கொட்டகைத் தம்பியின் போனும் அந்த வருடத்துக்குள் புது முகவரிக்குப் போய்விட்டன. என் நிரல் மட்டும் 1981இல் நின்றது.

தம்பி கூப்பிட்ட அன்று சாயங்காலத்துக்குள் முகவரிக்கு உரிய டைப்பை டேபிளில் வைத்தேன். ஆறாம் பதிப்பில் ஒரு போனுக்கு ஒரு முகவரிதான் என்றும் இல்லை, அடிக்கடி மாறும். அதனால் பூட்டையும் முகவரியிலிருந்து எடுத்து ஆளின் கணக்கில் போட்டேன். மறுநாள் விடியற்காலை நானே கூப்பிட்டேன். பின்னால் தராசில் கூடை வைக்கும் சத்தம் கேட்டது. "திறந்துருச்சுண்ணே. நேத்து சிட்டையில எழுதினது 3 பக்கம் இருக்கு, அத யாரு ஏத்துறது?"

படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். மூன்று பக்கத்தையும் உட்கார்ந்து நானே ஏற்றினேன்.