தொண்டியார் கரையும் அத்தர் மணமும்

தண்டையார்பேட்டை என்றவுடன் நறுமணத்தை நினைப்பார் யாரும் இலர். எண்ணெய்க் கிடங்குகளும், வரிசையாய் நிற்கும் டேங்கர் லாரிகளும், காசிமேட்டு மீன்வாடையும், மணலித் திசையிலிருந்து காற்றோடு வரும் நெடியுமே நினைவில் எழும். 2013-ஆம் ஆண்டில் நிலத்தடிக் குழாய் ஒன்றிலிருந்து எண்ணெய் கசிந்து இவ்வூர்க் கிணற்று நீரிலும் அடிகுழாய் நீரிலும் கலந்து நாறிய நாட்களை இங்குள்ளோர் எளிதில் மறந்திரார். ஆயினும், இவ்வூரின் பெயருக்குள்ளேயே ஒரு பழைய மணம் பொதிந்து கிடக்கிறது என்று கூறினால் வாசகர் வியப்படையக்கூடும்.

தொண்டிக்கு அருகே குணங்குடியில் 1792-ல் பிறந்து, சென்னை வந்து, இராயபுரத்தை ஒட்டிய பகுதியில் தவமிருந்து, 1838-ல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைத் 'தொண்டியார்' என்று மக்கள் அழைத்தனர். அதனால் இவ்விடம் தொண்டியார்பேட்டை ஆயிற்று. பின்னர் அது தண்டையார்பேட்டை எனத் திரிந்தது என்பது நம்மிடையே வழங்கும் வரலாறு. எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இவ்வூரும் 1693-ஆம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்துவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு ஒரு நூறாண்டு முந்தியது. பழம்பெயர் ஒன்றின்மேல் தொண்டியாரின் பெயர் வந்து இழைந்துவிட்டது என்பதே என் எண்ணம். எப்படியாயினும் இன்று இம்மண் அப்பெரியாரின் அடக்கத்தலம். தொண்டியின் பெயர் இதனோடு ஒட்டியது ஒட்டியதுதான்.

அந்தத் தொண்டி எத்தகைய ஊர்? சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் இளங்கோவடிகள் மதுரைக்குள் புகும் கீழ்க்காற்றைக் கூறுமிடத்து, தொண்டியோர் மரக்கலத் தொகுதியில் ஏற்றி அனுப்பிய அகிலையும், பட்டையும், சந்தனத்தையும், வாசப் பொருள்களையும், கருப்பூரத்தையும் அக்காற்றுச் சுமந்துவந்ததாகப் பாடுகிறார். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இவ்விடத்தில் ஒரு வணிகரின் சரக்குக் கணக்கையே விரித்துவிடுகிறார். அகிலில் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என வகைகள்; கருப்பூரத்திலோ பத்துக்கும் மேற்பட்ட வகைகள். கிடாரவன் என்பது கடாரத்திலிருந்து வந்தது. கருப்பூர வகைகளுள் 'வாறோசு' என்று ஒன்று வருகிறது. அது சுமத்திராத் தீவின் மேற்குக் கரையிலுள்ள பாரூஸ் துறையின் பெயர். அரபு நூல்கள் 'காஃபூர் ஃபன்சூரி' என்று உயர்த்திக் கூறுவதும் அதே கரையின் கருப்பூரத்தைத்தான்.

அந்தப் பாரூஸில், லோபு துவா என்னுமிடத்தில், தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் தமிழ் வணிகக் குழுவினர் வெட்டுவித்தது. அத்துறைக்கு வரும் மரக்கல நாயகன் முதலியோர் கஸ்தூரி விலையைக் கணக்காக வைத்துப் பொன் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. வாசனைப் பொருளின் விலையே வரிக்கு அளவுகோலாய் இருந்த காலம்! மரைக்காயர் என்ற நம் குடிப்பெயருக்கு 'மரக்கலம்' என்னும் சொல்லை வேராகக் காட்டுவோர் உண்டு. அவர்கள் இக்கல்வெட்டின் 'மரக்கல நாயகனை' நோக்கிச் சற்று நின்று போகலாம்.

இப்பொருள்களில் ஒரு பங்கு மேற்கே அரபு நாட்டிற்கும் போயிற்று. அங்கே அவற்றிற்கு இருந்த மதிப்பைத் திருக்குர்ஆனே காட்டும். அத்தஹ்ர் அத்தியாயத்தில் சுவனத்துப் பானத்தின் கலவையாகக் காஃபூர் வருகிறது. அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தில் முத்திரையாகக் கஸ்தூரி வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பியதும், யாரேனும் மணப்பொருள் கொடுத்தால் மறுக்காததும், வெள்ளிக்கிழமை குளித்து மணம் பூசி வரச் சொன்னதும் நாமெல்லாம் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றைச் சொல்லுகிறேன். விடைபெறும் ஹஜ்ஜின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் கைகளாலேயே நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பூசிய மணப்பொருளின் பெயர் 'தரீரா' என்று புகாரியில் உள்ளது. தரீரா என்றால் என்ன? இந்தியாவிலிருந்து கொண்டுவரப்படும் ஒருவகை மணநாணலின் பொடி என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள்.

வீட்டில் மணம் கூட்டும் வழக்கத்துக்கும் அக்காலத்திலேயே சான்று உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி) வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் நண்பகலில் சற்று உறங்குவதுண்டு. தோல் விரிப்பில் திரண்ட வியர்வையை அவ்வம்மையார் ஒரு குப்பியில் சேர்த்துத் தாம் செய்து வைத்திருந்த 'சுக்' என்னும் கூட்டுவாசனையில் கலந்துவிடுவார்கள். அனஸ் (ரலி) தமக்கு இறுதிநேரம் நெருங்கியபோது, அந்தச் சுக்கிலிருந்து எடுத்துத் தம் ஜனாஸாவுக்கான ஹனூத்தில் சேர்க்கும்படி வஸிய்யத்துச் செய்தார்கள். இன்றும் நம் வீடுகளில் கபனிடும்போது சந்தனமும் கருப்பூரமும் அத்தரும் தேடுகிறோமே, அதன் பின்னால் இவ்வளவு நீண்ட தொடர்பு உண்டு.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. மணப்பொருளுக்கு அரபியில் 'இத்ர்' என்று பெயர். 'அத்தார்' என்பவர் அதனை விற்பவர். மருந்துச் சரக்கு விற்பவரையும் அச்சொல் குறிக்கும். மன்திகுத் தைர் இயற்றிய ஞானி பரீதுத்தீன் அத்தார் அவர்களுக்கு அப்பெயர் வந்தது மருந்துக்கடையால்தான். நாம் 'அத்தர்' என்று சொல்லும்போது பொருளின் பெயரும் வணிகரின் பெயரும் ஒன்றாகிவிட்டதுபோல் ஒலிக்கிறது.

மணத்தை அரைப்பது, புகைப்பது, எண்ணெயில் ஊறவைப்பது ஆகிய மூன்றும் உலகெங்கும் பழையவை. நம் முன்னோர் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை நீக்கிப் புதுப்பூ இட்டுப் பலநாள் செய்து, மணமேறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தனர். ஆனால் மணத்தை ஆவியாக்கிப் பிடிக்கும் வடித்தற்கலையை ஒழுங்கான அறிவாக எழுதிவைத்த பெருமையில் பெரும்பங்கு அரபுமொழி அறிஞர்களைச் சாரும். கூஃபாவில் பிறந்து, பக்தாதில் வாழ்ந்து, 873-ஐ ஒட்டி மறைந்த தத்துவமேதை அல்கிந்தியின் பெயரால் 'கிதாபு கீமியாயில் இத்ரி வத்தஸ்ஈதாத்' என்றொரு நூல் உண்டு. மணப்பொருள் வேதியலும் வடிப்புகளும் பற்றியது. 107 செய்முறைகள் கொண்டது. 1948-ல் ஜெர்மானிய அறிஞர் கார்பெர்ஸ் இதனை மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். பன்னீர் வடிப்பதை இப்னு சீனா (980-1037) கண்டுபிடித்தார் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கிந்தி அதை எழுதிவிட்டார். இப்னு சீனாவின் புகழுக்கு இந்தக் கூடுதல் தேவையில்லை. பாரசீகத்து ஜூர் நகரப் பன்னீரின் பெயரே உயர்ந்த ரோஜாவுக்கு 'வர்த் ஜூரி' என்று அரபியில் நிலைத்துவிட்டது.

கிந்தியின் நூலில் ஒரு சங்கடமான பகுதியும் உண்டு. கஸ்தூரி முதலியவற்றைப் போலவே போலி செய்யும் முறைகளையும் அது கூறுகிறது. அறிவுக்காக எழுதினாரா, ஏமாற்றைக் கண்டுபிடிக்க எழுதினாரா என்று வாதிப்பதைவிட, அங்காடிக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுகளுக்காக எழுதப்பட்ட நூல்களைப் பார்ப்பது நலம். 12-ஆம் நூற்றாண்டின் ஷைஸரி தம் நூலில் அத்தார்களுக்கென்றே ஓர் இயல் வகுத்து, கஸ்தூரியிலும் அம்பரிலும் குங்குமப்பூவிலும் என்னென்ன கலப்பார்கள் என்று அடுக்குகிறார். மணம் விலையுயர்ந்த பொருள். எனவே கலப்படமும் அதனுடன் பிறந்ததே.

இந்திய நாட்டில் மணக்கலை பள்ளிவாசல் முற்றத்தோடு நிற்கவில்லை. மாண்டுவின் சுல்தான்களுக்காக 1500-ஐ ஒட்டி எழுதப்பட்ட நிஅமத்நாமாவில் சமையற் குறிப்புகளோடு வாசனைக் குறிப்புகளும் கலந்துவருகின்றன. பிஜப்பூர் இரண்டாம் இப்ராஹீம் ஆதில்ஷாவின் (ஆட்சி 1580-1627) அவையில் 'இத்ரே நவ்ரஸ் ஷாஹீ' என்ற தனிநூலே தோன்றியது. அக்பரின் வாசனைக்கூடத்துக்கு ஆயினே அக்பரியில் ஒரு பகுதி உண்டு. ரோஜா அத்தரை நூர்ஜஹான் குளிக்கும்போது கண்டார் என்பது கதை. ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியதோ வேறு. நூர்ஜஹானின் தாயார், பன்னீர் எடுக்கும்போது சூடான நீரை ஊற்றிய தட்டுகளின் மேற்பரப்பில் படர்ந்த ஏட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். ஸலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ரே ஜஹாங்கீரி' என்று பெயரிட்டார். பன்னீரின்மேல் மிதந்த ஏட்டைக் கவனித்தது ஓர் இல்லத்தரசியின் கண்.

கன்னோசியில் இக்கலை இன்றும் உயிரோடு இருக்கிறது. 'தேக்' என்னும் செப்புப் பானையில் பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, விறகடுப்பில் ஏற்றுவர். மூங்கில் குழல் வழியாக ஆவி 'பப்கா' என்னும் கழுத்து நீண்ட செப்புக் குடத்துக்குப் போகும். அக்குடம் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும். அதனுள் முன்னரே சந்தன எண்ணெய் ஊற்றியிருக்கும். ஆவி குளிர்ந்து நீராகும்; மணம் எண்ணெயில் தங்கும். மறுநாள் நீரை வடித்துவிட்டு, அதே எண்ணெயின்மேல் புதிய பூவின் ஆவி. இப்படிப் பல நாட்கள். ஆக, அத்தர் என்பது பூவின் எண்ணெய் மட்டுமன்று. பூவைத் தாங்கிய சந்தனம்.

சந்தனம் நம் பக்கத்துப் பொருள். மைசூர்க் காடுகளும் ஜவ்வாது மலையும் அதன் தாயகம். 1792-ல் திப்பு சுல்தான் அதனை அரசுக்குரிய மரமாக்கினார். முதல் உலகப்போர் வெடித்து ஜெர்மனிக்குக் கட்டை அனுப்புவது நின்றபோது, 1916-ல் மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. பின்னர் திருட்டு வெட்டாலும் நோயாலும் மரம் அருகியது. 1998-ல் அழிவாபத்துள்ள இனங்களின் பட்டியலிலேயே அது ஏறிவிட்டது. விலை ஏறியது. அப்போது பப்காவுக்குள் சந்தன எண்ணெய்க்குப் பதிலாக லிக்விட் பாரஃபின் புகுந்தது.

பாரஃபின் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலியத்திலிருந்து. 1969 முதல் மணலியில் உயர்ந்து நிற்கும் வடிகோபுரமும் கிந்தியின் 'அன்பீக்' என்னும் வாலைக்கருவியின் வழித்தோன்றலே. 'நஃப்த்' எண்ணெயை வடிப்பது பற்றி அல்ராஸீயே எழுதியிருக்கிறார். கலை ஒன்றுதான். ஆனால் அதன் விளைபொருளை அத்தர் என்று சொல்லி விற்கும்போதுதான் வழக்கு எழுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநாளன்று, 'அசல் மல்லிகை அத்தர்' என்று ஒரு கடையில் தந்த குப்பியைப் பூசிக்கொண்டு தொழுகைக்குப் போனேன். குத்பா முடிவதற்குள் மணம் பறந்துவிட்டது; வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை மட்டும் நின்றது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு எனக்கு அன்று நினைவுக்கு வந்தது. பாரஃபினை பாரஃபின் என்று சொல்லி மலிவாக விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆல்கஹால் கலந்த தெளிப்பு மணங்களைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எண்ணெயில் கூட்டிய அத்தரில் அந்த வழக்கே இல்லை. ஆகவே வீட்டிலேயே கூட்டிக்கொள்ளலாமா என்று என் மாணவர் சிலர் கேட்பதுண்டு. கூட்டலாம், ஆனால் வடிக்க இயலாது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோ இதழ் வேண்டும். வீட்டடுப்பில் கிடைப்பது பன்னீர் மட்டுமே. அகன்ற பாத்திரத்தின் நடுவே ஒரு கிண்ணத்தை உயர்த்தி வைத்து, சுற்றிலும் இதழும் நீரும் இட்டு, மூடியைக் கவிழ்த்து வைத்து, மேலே பனிக்கட்டியைப் போட்டுச் சிறுதீயில் வைத்தால், ஆவி குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். கிந்தியின் கருவி இவ்வளவுதான்.

அத்தர் கூட்டுவதற்கு வடித்த எண்ணெய்களை நம்பகமான இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தாங்கும் எண்ணெய்க்கு அரபியரின் 'காலியா' என்னும் உயர்ந்த கூட்டு வழி காட்டுகிறது. கஸ்தூரியையும் அம்பரையும் அவர்கள் 'பான்' மரத்து விதையெண்ணெயில் குழைத்தனர். அந்தப் பான் வேறொன்றுமன்று, நம் முருங்கையின் உறவுமரம். முருங்கை விதை எண்ணெய் மணமற்றது. எளிதில் சிக்கு வாடை அடிக்காது. 10 மில்லி கொள்ளும் கருநிறக் கண்ணாடிக் குப்பியில் அதனை 8 மில்லி ஊற்றி, சந்தன எண்ணெய் 16 துளி, வெட்டிவேர் எண்ணெய் 12 துளி, மரிக்கொழுந்து எண்ணெய் 4 துளி சேர்க்கலாம். இருபது துளி ஏறத்தாழ ஒரு மில்லி. கனத்த மணத்தை முதலிலும் எளிதில் பறப்பதைக் கடைசியிலும் விடவேண்டும். மரிக்கொழுந்து கூடினால் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். பிளாஸ்டிக் குப்பி ஆகாது. வடித்த எண்ணெயைத் தனியாகத் தோலில் தடவக் கூடாது. கிராம்பும் பட்டையும் சுடும். எலுமிச்சை எண்ணெய் பூசி வெயிலில் நின்றால் தோல் கருகும். கூட்டியதையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி இட்டு ஒருநாள் பார்த்த பிறகே பூசவேண்டும்.

கூட்டிய அன்று முகர்ந்தால் மூன்று எண்ணெயும் மூன்றாகவே மணக்கும். இருட்டான அலமாரியில் நாலைந்து வாரம் இருக்கவேண்டும். ஷஅபான் நடுவில் கூட்டிவைத்தால் ஷவ்வால் பிறையன்று திறக்கலாம்.