தளர்ந்த சபைகளும் இரேனியுஸ் ஐயரும்

பாளையங்கோட்டையின் ஊசிக் கோபுரத்தைக் கண்டிராத நெல்லைச் சீமையார் அரியர். அக்கோயிலை 1826-ஆம் ஆண்டில் எழுப்பியவர் பிரஷ்ய நாட்டினரான இரேனியுஸ் ஐயர். கோயிலினும் பெரிது அவர் செய்த பிறிதொரு பணி.

குளோரிந்தா அம்மையார் 1785-இல் கட்டிய சிறு ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த சபைகள், யேனிக்கே ஐயர் 1800-இல் மறைந்தபின் தளர்ந்தன. 1802-இல் ஊர் ஊராகச் சென்று பலருக்கு ஞானஸ்நானம் அளித்த கெரிக்கே ஐயரும் மறு ஆண்டே காலமானார். 1816-இல் படைக்குருவாக வந்த ஜேம்ஸ் ஹப், சிதறிக் கிடந்த சபைகளைக் கண்டு உதவி வேண்டினார். 1820-இல் இரேனியுஸ் வந்து சேர்ந்தார்.

அவர் கையாண்ட முறை யாது? எல்லா ஊர்களையும் ஒரு குருவே மேய்க்க இயலாதென்று உணர்ந்து, தமிழ் உபதேசியார்களைப் பயிற்றி ஊர்தோறும் அமர்த்தினார். சபை உள்ள இடத்தில் பள்ளியும் இருத்தல் வேண்டும் என்றார். (ஆசிரியத் தொழிலில் முதிர்ந்த எனக்கு இது மிகவும் உவப்பான செய்தி!) மதம் மாறியோரை நிலக்கிழார் ஊரைவிட்டு விரட்டினால் அவர்கள் எங்கே போவர்? அதற்காக நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைத்தார். டோனா பிரபுவின் பொருளுதவியால் 1827-இல் தோன்றிய டோனாவூர் அத்தகையது. 1830-இல், சபையாரே பொருள் ஈட்டி நிலம் வாங்குவதற்கெனத் தர்ம சங்கம் நிறுவப்பெற்றது. அயல்நாட்டுப் பணத்தை எதிர்நோக்கியிருந்த கை, தானே கொடுக்கக் கற்றது. 1835-க்குள் சபையார் தொகை பதினாயிரத்தைக் கடந்தது.

அவ்வாண்டிலேதான் பிணக்கு முற்றியது. உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் அளிப்பவர் ஆங்கிலத் திருச்சபையின் அத்தியட்சரே என்றது சங்கம். லுத்தரன் முறையில் தாமே அளிக்கலாம் என்றார் இரேனியுஸ். இங்கிலாந்துச் சபையின் ஒழுங்குகளைக் கண்டித்தும் அவர் எழுதினார். சங்கம் அவரை விலக்கியது. அவர் ஆர்க்காட்டுக்குச் சென்றார். உபதேசியார்களோ அவரைத் திரும்ப அழைத்தனர். அவர் வந்தார், சபைகள் இரண்டுபட்டன. இருபுறமும் நியாயம் உண்டெனினும், தாம் வளர்த்த சபை பிளவுறும் என்றறிந்தும் அவர் திரும்பியது எனக்கு உடன்பாடன்று. ஊரார் அழைப்பைத் தட்டியிருத்தல் எளிதோ என்று கேட்பீராயின், எளிதன்று என்பேன்.

1838 ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். பிரிந்து நின்ற சபைகளுட் பெரும்பாலன சில ஆண்டுகளில் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. அவருடைய கல்லறை பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் இருக்கின்றது.