ஒரே பந்தியில் உண்ட படை

படையைத் திரட்ட உணர்ச்சி போதும். அதனைத் தாங்கி நிறுத்தச் சோறும் மருந்தும் பொருளும் வேண்டும். இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு உணர்த்தும் உண்மை இது. அவ்வரலாற்றில் நம் மக்களுக்கும் பங்குண்டு என்பதை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

வறுமையும் தீண்டாமையும் விரட்ட, தமிழகத்து ஏழைகள் பலர் கங்காணிகளின் பின்னே கப்பலேறி மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களை அடைந்தனர். அவர்களுள் ஆதி திராவிடர் கணிசமானோர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் அமைத்த முதற்படை அவ்வாண்டின் இறுதியிலேயே குலைந்தது. 1943 ஜூலையில் தலைமையேற்ற நேதாஜி, மூன்று இலட்சம் வீரரும் மூன்று கோடி வெள்ளியும் வேண்டுமெனக் கேட்டார்.

செல்வர்மீது சொத்துக்கேற்ப வரி விதிக்கப்பட்டது. பெண்கள் நகைகளைக் கழற்றித் தந்தனர். 1944 ஏப்ரலில் இரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கப்பட்டது. கொடுக்கப் பொருளில்லாத தோட்டத் தொழிலாளியோ தன்னையே கொடுத்தான். அவன் வீட்டுப் பெண்மக்களும் கேப்டன் இலட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். முகாம்களில் சாதி, சமய வேற்றுமையின்றி அனைவரும் ஒரே அடுக்களைச் சோற்றை உண்டனர். ஊர்ப் பொதுக்கிணற்றை அணுகவும் இயலாதிருந்தவனுக்கு, நாட்டு விடுதலைக்கு முன்பே அப்பந்தியில் ஒரு விடுதலை கிட்டிற்று.

ஆயினும், 1944-இல் இம்பால் போர்முனையில் உணவும் மருந்தும் வந்து சேரவில்லை. மழையும் மலேரியாவும் பசியும் பலரை மாய்த்தன. ஜூலையில் படை பின்வாங்கியது; 1945-இல் சரணடைந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவ்வீரர்கள் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. 1972-இல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தது; அதற்கும் சான்றுகள் வேண்டியிருந்தன. எழுத்தறியாத் தொழிலாளி சான்றுக்கு எங்கே செல்வான்? துப்பாக்கி ஏந்திய கை, ஒரு தாள் இல்லாமையால் வெறுங்கையாயிற்று.

கல்விச் சங்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த விடை உண்டோ? நம் சங்கமும் ஒரு படையே. தொடக்கநாள் ஆர்வம் அதனைத் திரட்டியது. மாதந்தோறும் அளிக்கும் சிறு பொருளும் உழைப்புமே அதனைத் தாங்கும். திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் அக்கரைச்சீமை சென்று மீண்ட முன்னோர் உள்ள குடும்பங்களை நாடிச் செல்வோம். தொழிற்பேட்டை வேலைக்குச் செல்லும் இளைஞரும் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்குவாராக. அவர்தம் பெயர்களை நாமே எழுதி வைப்போமாக!